புளி போட்டுத் துலக்கிய மான் காசு

ஒரு காட்டில் எட்டுக் காசுகள் இருந்தன. முன்பு பன்னிரண்டு இருந்தன, பிள்ளைகளே. மூன்று ஆற்றோடு போயின. ஒன்றை முதலை விழுங்கிவிட்டது. பன்னிரண்டில் நான்கு போக மீதி எட்டு.

எல்லாம் செம்புக் காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மான் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்த்தபடி நிற்கும். அறுபது வருடத்துக்கு முன் பெருவெள்ளம் வந்தது. அப்போது யானை அரசரின் குட்டியைக் கரை சேர்த்த பன்னிரண்டு குடும்பங்களுக்கு அரசர் கொடுத்த காசுகள் அவை. மான் காசு வைத்திருக்கும் குடும்பம் ஐப்பசி மழைக்குப் பாறைக் குகைக்குள் போய் இருந்துகொள்ளலாம். குகைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. காசு இல்லாதவர்கள் அவரவர் பாடு.

எட்டில் ஒன்று பெருச்சாளியிடம் இருந்தது. அதன் வளை ஆற்றங்கரையில். ஐப்பசி பிறந்தால் வளைக்குள் தண்ணீர் வந்துவிடும். வீட்டில் ஆறு குட்டிகள். ஆகவே அந்தக் காசுதான் அந்தக் குடும்பத்துக்குக் கூரை.

ஆனால் காசு பார்க்க நன்றாக இருக்காது. அறுபது வருடப் பச்சைக் களிம்பு ஏறி, அதில் இருப்பது மானா மாடா என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் பிழைத்த அந்த யானைக்குட்டிதான் இப்போது அரசர். அந்த வருடம் ஆவணியில் அவர் மரங்கொத்தியை அழைத்தார்.

"வெள்ளம் வந்து அறுபது வருடம் ஆகிறது. அதே மானை மறுபடியும் கொத்திக் கொடு. நாற்பது காசு போதும். மானின் பின்னங்காலடியில் மட்டும் ஒரு புள்ளி வை. எது பழையது, எது புதியது என்று யாரும் குழம்பக் கூடாது."

"புதுக்காசுக்கு என்ன கிடைக்கும், அரசே?"

"ஆலமரத்தடியில் இடம். கொஞ்சம் சாரல் அடிக்கும், அவ்வளவுதான். குகை பழைய காசுக்கே."

மரங்கொத்தி நாற்பது காசு கொத்தியது. நாற்பது புள்ளி வைத்தது. சீட்டுக் குலுக்கி நாற்பது பேருக்குக் கொடுத்தார்கள். கீரிக்கு ஒன்று விழுந்தது. முள்ளம்பன்றிக்கும் ஒன்று விழுந்தது. முள்ளம்பன்றியிடம் பழைய காசும் இருந்தது.

பெருச்சாளி, கீரி, முள்ளம்பன்றி மூவருக்கும் காசு என்றால் உயிர். வெள்ளிக்கிழமைதோறும் தட்டைப்பாறையில் கூடி, அவரவர் காசை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை கீரி தன் புதுக்காசை வெயிலில் வைத்தது. கண் கூசியது.

"அண்ணே, என் மானுக்குக் கண்ணிமைகூடத் தெரிகிறது. உங்கள் மானுக்குச் சொறி பிடித்திருக்கிறதே" என்றது கீரி.

"அது பழையது தம்பி" என்றது பெருச்சாளி.

"பழையது என்றால் குளிக்கக் கூடாதா?"

பெருச்சாளி தன் காசைக் காலால் மூடிக்கொண்டது.

முள்ளம்பன்றி அதிகம் பேசாது. மெதுவாகச் சொன்னது: "குளிப்பாட்ட வேண்டாம். அந்தப் பச்சை ஒரு நாளில் வந்ததில்லை."

"நீங்கள் சொல்லுங்கள் மாமா. என்னுடையது நகல்தானே? எவ்வளவு அழகாக இருந்து என்ன, ஆலமரத்தடிதானே கிடைக்கிறது" என்றது கீரி. அதன் கண் பெருச்சாளியின் காலுக்கடியில் இருந்தது.

"நகல் இல்லை. புதுக்காசு. இது புதியது என்று புள்ளி வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் அது எப்படி நகல் ஆகும்?"

"அப்படியானால் இரண்டும் ஒன்றா?"

"ஒன்றில்லை. இரண்டு."

"நீங்கள் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை மாமா."

"எனக்கும் இவ்வளவுதான் சொல்லத் தெரியும்" என்றது முள்ளம்பன்றி. தன் இரண்டு காசுகளையும் இரண்டு இலையில் தனித்தனியாக மடித்துக்கொண்டு போனது.

பெருச்சாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பழையது உயர்ந்தது என்றால் ஏன் இப்படி அழுக்காக இருக்கிறது? புதியது அழகு என்றால் அதை ஏன் ஆலமரத்தடிக்கு அனுப்புகிறார்கள்? யோசித்து யோசித்துப் பார்த்தது. பழையதும் வேண்டும், அழகும் வேண்டும். அப்படியானால் துலக்கிவிட வேண்டியதுதான்.

புளியமரத்தடியில் பழம் பொறுக்கி வந்தது. ஆற்று மணல் ஒரு கை அள்ளி வந்தது. தேய்த்தது, தேய்த்தது, மூன்று நாள் தேய்த்தது.

அதன் மனைவி வாசலில் நின்று பார்த்தது. "கல்யாணம் ஆகி நான்கு வருடத்தில் இந்த வளையை ஒரு நாள் கூட்டியதுண்டா? காசுக்கு மட்டும் மூன்று நாள் குளியல்."

"உனக்குத் தெரியாது. சும்மா இரு."

மூன்றாம் நாள் மான் தகதகவென்று வந்துவிட்டது. பின்னங்காலடியில் மட்டும் ஒரு கறை போக மறுத்தது. பெருச்சாளி அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தது. கறை போனது. கறையோடு மானின் குளம்பும் போனது.

"குளம்பு போனால் என்ன, பளபளப்பு வந்ததே" என்றது பெருச்சாளி.

அதே மூன்று நாளில் கீரி என்ன செய்தது தெரியுமா, பிள்ளைகளே? தன் புதுக்காசைப் பாறையில் வைத்து, பின்னங்காலடியில் இருந்த புள்ளியை உரசி எடுத்தது. புள்ளி போனது. புள்ளியோடு குளம்பும் போனது. பிறகு காசை இடிந்த மண்டபத்துக்குக் கொண்டுபோய், வௌவால் எச்சத்துக்குள் ஒன்பது நாள் புதைத்து வைத்தது. பத்தாம் நாள் எடுத்தபோது காசு பச்சையும் கறுப்புமாக, முந்நூறு வருடத்துக் காசுபோல இருந்தது. நாற்றம் வேறு.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. பெருச்சாளியின் வளைக்குள் முதல் நாளே தண்ணீர் புகுந்தது. ஆறு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு பெருச்சாளியும் மனைவியும் புறப்பட்டார்கள்.

குகைக்கும் ஆலமரத்துக்கும் பாதை பிரியும் இடத்தில் உடும்பு காவல் இருந்தது. உடும்பு பிடித்தால் விடாது, எண்ணினால் தவறாது. புள்ளிக் காசுகளை வலப்பக்கமும் பழைய காசுகளை இடப்பக்கமும் அனுப்பிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி வந்து இரண்டு காசுகளையும் காட்டியது. உடும்பு இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அதை இடப்பக்கம் நிற்கச் சொன்னது. அதோடு பழைய காசு ஏழு.

அடுத்து கீரி வந்தது. பச்சைக் காசை நீட்டியது. உடும்பு மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்தது. புள்ளி இல்லை.

"எட்டு. குகைக்குப் போ" என்றது.

அடுத்தது பெருச்சாளி.

"புதுக்காசா? வலப்பக்கம்" என்றது உடும்பு.

"இல்லை ஐயா. பழையது. குகைக்கு."

"இவ்வளவு பளபளப்பாகப் பழைய காசா?"

"புள்ளி இருக்கிறதா பாருங்கள்."

உடும்பு பார்த்தது. புள்ளி இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடமும் இல்லை. அது கீரியைத் திரும்ப அழைத்து, அதன் காசையும் வாங்கிப் பார்த்தது. அதிலும் அந்த இடம் இல்லை.

"புள்ளிக் காசு நாற்பது வர வேண்டும். முப்பத்தொன்பதுதான் வந்திருக்கிறது. பழைய காசு எட்டு வர வேண்டும். ஒன்பது வந்திருக்கிறது. உங்கள் இருவரில் ஒருவர் சொல்வது பொய்" என்றது உடும்பு.

"போன வருடம் நான் குகைக்குப் போனேனே, ஐயா. என் முகம் நினைவில்லையா?" என்றது பெருச்சாளி.

"காசு கைமாறும். போன வருடம் நரி காட்டிய காசை இந்த வருடம் முயல் காட்டிவிட்டுப் போனது. நான் முகத்தை எண்ணுவதில்லை, காசைத்தான் எண்ணுகிறேன்."

மரங்கொத்தியை அழைத்தார்கள். அது ஒரு காசைத் தலை சாய்த்துப் பார்த்தது. "இது நான் கொத்தியதுபோல இருக்கிறது" என்றது. மற்றதையும் பார்த்தது. "இதுவும் நான் கொத்தியதுபோல இருக்கிறது" என்றது. பிறகு தன் அலகையே சந்தேகமாகத் தடவிக்கொண்டு பறந்துவிட்டது.

அப்போது பெருச்சாளிக்கு ஒரு யோசனை வந்தது. "கீரியின் காசையும் புளி போட்டுத் துலக்கிப் பார்ப்போம். உண்மை வெளியே வந்துவிடும். நானே துலக்குகிறேன். எனக்குக் கை பழகிவிட்டது."

"வேண்டாம்" என்றது முள்ளம்பன்றி. மழைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

வௌவால் எச்சம் காய்ந்து களிம்பைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தது. பெருச்சாளி உச்சிவேளை வரை தேய்த்தது. கடைசியில் அந்த மானும் தகதகவென்று வந்தது. பெருச்சாளி அதைத் தன் காசுக்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு மான். இரண்டும் ஒரே மினுமினுப்பு. இரண்டுக்கும் பின்னங்குளம்பு இல்லை.

கல் வழுக்கியது. இரண்டு காசும் உருண்டு சேற்றுக் குட்டையில் விழுந்தன. பெருச்சாளி ஒன்றை எடுத்தது. கீரி ஒன்றை எடுத்தது. எடுத்த பிறகு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதில் எது பழையது?" என்றது உடும்பு.

இருவரும் கையிலிருந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாத காசுக்குக் குகையில் இடம் இல்லை. புள்ளி இல்லாத காசுக்கு ஆலமரத்தடியிலும் இடம் இல்லை" என்றது உடும்பு.

பெருச்சாளி தன் குட்டிகளைப் பார்த்தது. ஆறும் நனைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன.

முள்ளம்பன்றி தன் இரண்டாவது இலையைப் பிரித்தது. புள்ளிக் காசை எடுத்துப் பெருச்சாளியின் மனைவியிடம் நீட்டியது.

"இது ஆலமரத்தடிக்குச் செல்லும். எனக்குக் குகை இருக்கிறது. குட்டிகளோடு நீ போ, தங்கச்சி. மழை விட்டதும் திருப்பிக் கொடு. ஒன்றே ஒன்று, துலக்கிக் கொடுத்துவிடாதே."

உடும்பு புள்ளியைப் பார்த்தது. "தாயும் குட்டிகளும் போகலாம்" என்றது.

"நானும் வரட்டுமா?" என்றது பெருச்சாளி.

"நீங்கள் உங்கள் காசோடு இருங்கள். யாராவது அழுக்காக்கிவிடப் போகிறார்கள்" என்றது மனைவி. ஆறு குட்டிகளையும் எண்ணி முன்னே நடக்கவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனது.

பெருச்சாளியும் கீரியும் புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள். புளிய இலை பொடி இலை, மழையைத் தாங்காது. இருவரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

வெகு நேரம் கழித்துப் பெருச்சாளி கேட்டது: "தம்பி, உன் கையில் இருப்பது உன் காசா?"

"தெரியவில்லை அண்ணே."

"அப்படியானால் என் கையில் இருப்பது?"

"அதுவும் தெரியவில்லை அண்ணே."

மேலே இருந்து ஒரு புளியம்பழம் பெருச்சாளியின் தலையில் விழுந்தது. அது அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தது.

நீதி: பழையது பழையதாகவும் புதியது புதியதாகவும் இருக்கும் வரை இரண்டுக்கும் இடம் உண்டு.