ஓடைக்கரை வெடேலியா

இக்கதையில் மாணவர் மூத்தவர், ஆசிரியை இளையவர். அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர் பொன்னுரங்கம், ஏற்காட்டு மலைச்சரிவில் நெடுங்காலமாக நர்சரி நடத்துபவர். ஆசிரியை திலகவதி, தாவரவியல் கற்பிப்பவர். அழகுச்செடியாக வந்து, ஊர்ச்செடிகளை நெருக்கி அழிக்கும் அயல்செடிகளை இனி விற்பதில்லை என்று நர்சரிக்காரர்கள் கூடி முடிவெடுத்திருந்தார்கள். அவற்றை இனங்காணக் கற்கவே பொன்னுரங்கம் அவரிடம் சேர்ந்தார். இன்னொன்றும் தெரிய வேண்டும்: நர்சரி வாசலில் மஞ்சள் பூக்களோடு படர்ந்திருந்த வெடேலியாக் கொடி, இறந்துபோன அவர் மனைவி பாவாயி வைத்தது.

முதற்பாடத்தன்று ஆசிரியை நர்சரிக்கு வந்தார். பொன்னுரங்கம் ஒரு கூடைச் செடிகளை அவர்முன் வைத்தார். எல்லாம் முள்ளும் நாற்றமும் உடையவை.

“இதெல்லாம் திருட்டுப்பயலுங்க, டீச்சர். மூஞ்சியப் பாத்தாலே தெரியும்.”

“இதையெல்லாம் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா, ஐயா?”

“சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க.”

“நாம தேடுறது, வாங்கிட்டுப் போறாங்களே, அதை.”

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். “அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

திலகவதி வாசற்கொடியைக் காட்டினார். “நான் செடி வாங்க வந்திருக்கேன்னு வச்சுக்குங்க. இதை எனக்கு வித்துக் காட்டுங்க.”

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது. பாவாயி சொல்லி விற்ற சொற்களே வாயில் வந்தன.

“தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காதுங்க. வெயிலோ நிழலோ, பூத்துக்கிட்டே இருக்கும். கிள்ளிப் போட்ட எடத்துல வேர் விடும். ஒரு தொட்டி போதும், இது படர்ந்த எடத்துல வேற புல்லு பூண்டு எட்டிக்கூடப் பாக்காது...”

கடைசிச் சொல்லில் அவர் குரல் இறங்கிவிட்டது.

“அவ நல்ல மனசோடதான் சொன்னா, டீச்சர்.”

“அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

திலகவதி நர்சரிக்குப் பின்புறச் சரிவில் இறங்கினார். அவரும் பின்தொடர்ந்தார். கீழே ஓடையின் இரு கரையும் ஒரே மஞ்சளாய் இருந்தது.

“இங்க நான் ஒண்ணுகூட நடல. சத்தியமா.”

“தொட்டியில கத்தரிச்சதை எங்க கொட்டுவீங்க?”

பொன்னுரங்கம் அண்ணாந்து சரிவைப் பார்த்தார். வெட்டிய நுனிகளை அங்கிருந்து கீழே தள்ளிவிடுவதுதான் என்றைக்கும் அவர் வழக்கம். மற்றச் செடிகளின் நுனிகள் மக்கிப்போயின. இது மக்கவில்லை.

“முன்னே இங்க என்ன இருந்தது, ஐயா?”

“வல்லாரை.” சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “சாயங்காலம் மடி நிறையப் பறிச்சுக்கிட்டு வருவா. துவையல் அரைச்சு வச்சுட்டு, ‘தின்னுய்யா, இதுக்கப்புறமாவது யாருக்கு எந்தச் செடி குடுத்தேன்னு ஞாபகம் இருக்கட்டும்’னு கிண்டல் பண்ணுவா.”

குனிந்து கொடியை விலக்கினார். அடியில் வெளிறிய தண்டுகளும் கறுத்த மண்ணும்தான் இருந்தன.

நிமிராமலே கேட்டார்: “அவ கையால வச்சதைப் பிடுங்கச் சொல்றீங்களா, டீச்சர்?”

“நான் சொல்லல, ஐயா. அவங்க இன்னைக்கு வல்லாரை பறிக்க வந்தா, இதுதான் நம்ம ஓடைன்னு எதை வச்சு அடையாளம் கண்டுபிடிப்பாங்க?”

பொன்னுரங்கம் சரிவேறி வாசலுக்கு நடந்தார்.

பின்னர் நடந்தவை இவை. வாசற்கொடியை அவரே வேரோடு எடுத்தார். ஒரு கணுவும் தப்பாதபடி பாறைமேல் காயவைத்து எரித்தார். நுனிகளைச் சரிவில் தள்ளும் வழக்கம் நின்றது. கரையைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் மழைக்காலம் இரண்டு போயின. பாறையிடுக்கில் ஓரிடத்தில் மட்டும் வல்லாரை துளிர்த்தது. அதை அவர் இன்னும் பறிக்கவில்லை.