மடையைத் தொடாதே!

நெடுங்குளத்து ராஜா பூவேந்திரர் தங்கமான மனிதர். ஒரே ஒரு குறைதான். கடைசியாக யார் பேசினாலும் அவர் சொன்னதுதான் சரி என்பார். மந்திரி மகுடபதிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் சபை கலையும் நேரம் பார்த்துத்தான் அவர் வாயைத் திறப்பார்.

ஊர்ப் பெரிய ஏரிக்கு ஒரு மடை உண்டு. வெள்ளம் வந்தால் தண்ணீருக்குள் மூழ்கிப் போய் அடைப்புக் கல்லை நகர்த்தி அதைத் திறக்க வேண்டும். உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதைச் செய்துவந்தவர் அந்த ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய மகள் மருக்கொழுந்து சிறு வயது முதலே அப்பாவோடு முங்கிப் பழகியவள். போன ஐப்பசி வெள்ளத்தில் மடையைத் திறந்து கரையைக் காப்பாற்றியதே அவள்தான். அப்பாவின் வேலையைக் கேட்டு அவள் சபைக்கு வந்தாள்.

மகுடபதிக்கோ ஒரு மைத்துனன் இருந்தான். அவனுக்கு வேலையும் கிடையாது, நீச்சலும் கிடையாது.

"பெண்ணாவது, மடை திறப்பதாவது! வீரம் ஆணுக்கு, அச்சம் பெண்ணுக்கு. இது இயற்கை வகுத்தது மகாராஜா" என்றார் மகுடபதி.

"தண்ணி ஆளு பாத்தா இழுக்குது மகாராசா? முங்கத் தெரிஞ்சா மேல விடும். தெரியலேன்னா உள்ள வச்சுக்கும். அதுக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க" என்றாள் மருக்கொழுந்து.

கடைசிப் பேச்சு அவளுடையதாகிவிடுமே! "இயற்கை மகாராஜா, இயற்கை!" என்று அவசரமாக மகுடபதி முடித்துவைத்தார். ராஜா தலையாட்டிவிட்டார். அந்தச் சூட்டோடு மந்திரியே ஓலை எழுதினார். 'மடை ஆணுக்கே உரியது. நாளை முதல் பெண்கள் எவரும் மடையைத் தொடக்கூடாது. மீறினால் சவுக்கடி.'

மருக்கொழுந்தின் கண் கலங்கிவிட்டது. வெளியே மழை மேகம் திரண்டுகொண்டிருந்தது.

சபையில் விகடகவி விடையப்பர் எழுந்தார். "ஓலையை எழுத்துப் பிசகாமல் வீடு வீடாக நானே வாசிக்கிறேன், மகாராஜா."

வாசித்தார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை போட்டிருந்தது. சோற்றைக் காணோம். ராணியை அழைத்துக் கேட்டார்.

"சாமிக்குப் படைக்கும் சோற்றை மடை என்கிறோம். சமைக்கும் இடத்தை மடைப்பள்ளி என்கிறோம். பெண்கள் மடையைத் தொட்டால் சவுக்கடி என்று ஓலை வந்திருக்கிறதே! சமையல்காரிகளை அனுப்பிவிட்டேன். எனக்கும் அடி வாங்க ஆசையில்லை" என்று சொல்லிவிட்டு ராணி பல்லாங்குழி ஆடப் போய்விட்டாள்.

ஊரெல்லாம் இதே கதை. பெண்கள் ஒருத்தரும் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆண்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, உப்பு எது, சீனாக்காரம் எது என்று நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபை கூடியபோது பாதிப்பேர் விரலில் துணி சுற்றியிருந்தது. மகுடபதி அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். மரியாதைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நான் எழுதியது ஏரி மடை!" என்று துணிக்குள்ளிருந்து கத்தினார்.

"ஓலையில் ஏரியே இல்லையே! வெறும் மடைதானே இருக்கிறது?" என்றார் விடையப்பர். "மகாராஜா, ஒரு மடையில் நெருப்பு. இன்னொரு மடையில் நீர். தினம் நெருப்பில் வேகலாம், நீரில் மட்டும் இறங்கக்கூடாது என்று இயற்கை எங்கே எழுதி வைத்திருக்கிறது? நம் தளபதி இன்று வைத்த ரசம் தெரு முழுக்க மணக்கிறது. இத்தனை நாள் அவர் கையில் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மருக்கொழுந்துக்கு அவள் அப்பா முங்கச் சொல்லிக்கொடுத்தார். மந்திரியாரின் மைத்துனருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டுமானால் இருவரையும் இப்போதே ஏரியில் இறக்கிப் பார்த்துவிடலாம்."

மைத்துனன் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிவிட்டான்.

பசித்த ராஜா யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "மடை மருக்கொழுந்துக்கே! ஓலையைக் கிழித்துப் போடுங்கள்!"

மருக்கொழுந்து கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மகுடபதியால் மட்டும் பொறுக்க முடியவில்லை. "அப்படியானால் இயற்கை பிரித்துக் கொடுத்தது என்று ஒன்றுமே இல்லையா?"

"ஏன் இல்லை? பிள்ளை பெறுவதும் பால் கொடுப்பதும் பெண்ணுக்கு."

"ஆணுக்கு?"

"மீசை வளர்ப்பது" என்ற விடையப்பர், மந்திரியின் வாயை மூடியிருந்த அங்கவஸ்திரத்தை மெல்ல விலக்கினார். "அந்த ஒன்றையும் இவர் அடுப்பூதும்போது பொசுக்கிக்கொண்டுவிட்டார், மகாராஜா!"