கண்ணாடி காத்த பொட்டு

உன்மேல் படிந்த அழுக்கை மரியாதை என்று எண்ணி, எத்தனை நாளாகத் துடைக்காமல் காத்துவருகிறாய்?

ஓர் ஆய்வுக்கூடத்தில், மூடியிட்ட ஒரு கருவிக்குள், மிகுந்த வலிமை கொண்ட லேசர்க் கதிர் ஒன்று இருந்தது. அதைத் திருப்பிவிட ஒரு கண்ணாடியும், குவிக்க ஒரு லென்ஸும், கண்ணுக்குத் தெரியாத அக்கதிரைப் பச்சை ஒளியாக்க ஒரு படிகமும் அதன் வழியில் நின்றன. படிகம் பதினொரு மாதம் கரைசலில் மெல்ல மெல்ல வளர்க்கப்பட்டது. அதற்கு மாற்று இல்லை.

ஆயுத பூசை வந்தது. உதவியாளர் சிங்காரவேலு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கருவியின் மேல்மூடிக்கு உள்ளன்போடு குங்குமம் இட்டார். ஒரு துகள் மூடியின் இடுக்கு வழியே உதிர்ந்து, கண்ணாடியின் நடுவில் ஒட்டிக்கொண்டது.

“பார்த்தீர்களா? உள்ளே இருப்பவர்களில் பொட்டு எனக்கு மட்டும்தான்!” என்றது கண்ணாடி.

“முகத்துக்கு என்ன எடுப்பு, அக்கா!” என்றது லென்ஸ். கண்ணாடி அனுப்பினால்தான் அதற்கு ஒளி. ஆகவே புகழ்வதை அது தன் பணிகளுள் ஒன்றாகவே கொண்டிருந்தது.

படிகம் குறுக்கிட்டது. “அக்கா, அது பொட்டில்லை, தூசு. அது தீப்பற்றி நீங்கள் கருகினால், கதிர் நிலைகுலைந்து என்மேல்தான் பாயும். நான் பிளந்துபோவேன்.”

“நேற்று முளைத்ததற்கு வாயைப் பார்!” என்றது கண்ணாடி.

உள்ளே ஓரமாக இருந்த, தூசு ஊதும் காற்றுக்குழாய் தயங்கித் தயங்கிச் சொன்னது: “ஒரே ஊதில் போய்விடும். மூத்தவர் உத்தரவு கொடுத்தால்...”

“என் மரியாதையை ஊதித் தள்ளவா? பேசாமல் கிட.”

குழாய் மூச்சை அடக்கிச் சுருண்டுகொண்டது.

மறுநாள் கதிரைக் குறைந்த வலிமையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நேரவில்லை.

“எனக்கு என்ன ஆகிவிட்டது இப்போது?” என்று சிரித்தது கண்ணாடி.

“கதிர் இன்று அரைத் தூக்கத்தில் இருக்கிறது, அக்கா. அதன் வலிமை பத்து மடங்கானால் என்னில் பிறக்கும் பச்சை நூறு மடங்காகும். கேடும் அளவோடு வளராது. நாளை முழு வலிமை. கெஞ்சிக் கேட்கிறேன்.”

“பயந்தாங்கொள்ளி!” என்றது லென்ஸ்.

அடுத்த நாள் ஆய்வாளர் ரெஜினா சரிபார்ப்புத் தாளோடு வந்தார்.

“கண்ணாடியைத் துடைச்சாச்சா, சிங்காரவேலு?”

“பூசைக்கு முன்னாடியே துடைச்சாச்சு மேடம். பளபளன்னு இருக்கு.”

ரெஜினா மூடியைத் திறக்காமலே கையெழுத்திட்டார்.

கதிர் முழு வலிமையோடு புறப்பட்டது. அதற்கு வேண்டியவர் இல்லை, வேண்டாதவர் இல்லை. துகள் தீப்பற்றியது, கண்ணாடியின் பூச்சு கருகியது, நிலைகுலைந்த ஒளி படிகத்தின் மேல் பாய்ந்தது. பதினொரு மாதம், ஒரு சின்னச் சத்தத்தோடு இரண்டாய்ப் பிளந்தது.

ரெஜினா மூடியைத் திறந்து, கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தார். நடுநெற்றியில் வட்டமாக ஒரு கருங்குழி.

“பூசை முடிஞ்சும் ஒரு தடவை துடைச்சிருக்கணும் மேடம்,” என்றார் சிங்காரவேலு, தலை குனிந்தபடி.

“நான் திறந்து பார்த்திருக்கணும்.”

மாலையில் புதிய கண்ணாடி வந்தது. “முகத்துக்கு என்ன எடுப்பு, அக்கா!” என்று வரவேற்றது லென்ஸ்.

கேட்டுக்கொண்டிருப்பவனே, உன்னால் கருகப்போவது நீ மட்டும் அல்ல. உனக்கு அடுத்து நிற்பவரும்தான். ஒரே ஊதில் போகக்கூடியதாக அது இருப்பது இன்று மட்டுமே. எழுந்திரு, மூடியைத் திற, இப்போதே துடை.