முட்டைக்குள் சொன்ன பெயர்

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. மனிதர்களுக்கு அது புரிந்தது. புரிந்ததால் பெரிய நன்மை ஏதும் விளைந்ததாக எனக்குத் தெரியவில்லை. கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மேற்கே, சுற்றிலும் நாடுகள் வளைத்துக்கொண்டு நிற்க, நடுவில் கிடக்கிறது மத்தியதரைக் கடல். அதன் கரையோரம் ஒரு உப்பு ஏரி. ஏரிக்கு நடுவில் ஒரு சேற்றுத் தீவு. அந்தத் தீவுதான் பூநாரைகளின் ஊர். நரி வராத இடம் பார்த்துக் குடியேறியிருந்தார்கள். சேற்றைக் குழைத்து மேடு கட்டி, மேட்டுக்கு ஒரு முட்டை இட்டு அடைகாத்தார்கள். அன்றைய பூநாரைகள் இன்றுபோல் வெளிறியவை அல்ல. வருஷம் முழுக்க, கழுத்து முதல் வால் வரை, நல்ல சிவப்பு.

பூநாரைக்குப் பால் உண்டு. நம்புங்கள். தாய்க்கும் உண்டு, தகப்பனுக்கும் உண்டு. தொண்டையில் சுரக்கும், ரத்தச் சிவப்பாக இருக்கும், அலகு வழியே குஞ்சின் வாயில் சொட்டும். குஞ்சுகள் பொரித்துப் பத்து நாள் ஆனதும் அத்தனையையும் ஒரே கும்பலாக நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் இரைக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் எந்தக் குஞ்சு முதலில் வாய் திறக்கிறதோ அதற்கு ஊட்டுவார்கள். யார் பெற்றது என்று கேட்கிற வழக்கம் இல்லை. ஒரே மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஆயிரம் குஞ்சுகள். கேட்டிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பறக்கும்வரை குஞ்சுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு தாயைக் கழுகு அடித்துப் போட்டாலும் அவள் குஞ்சுக்கு அது தெரியாமலே போகும், சாயங்காலம் வேறு யாராவது வந்து ஊட்டிவிடுவார்கள். அநாதை என்ற சொல்லே அந்தத் தீவில் கிடையாது.

இரண்டு குளிர்காலம் தொடர்ந்து மழை பொய்த்தது. ஏரி சுருங்கியது. பூநாரைகள் அரித்துத் தின்னும் கூனி இறால் செத்து, கரையெல்லாம் நாறியது. முட்டைகள் பொரிக்க இன்னும் ஒரு வாரம்தான். என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உப்பளம் வைத்திருந்த தூரி என்பவனிடம் போய், கடல்நீர் வரும் மதகைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பது என்று முடிவாயிற்று. கேட்கப் போனவள் பவளி. கூட்டத்திலேயே சிவப்பு அவள்தான், பயமில்லாமல் பேசக்கூடியவளும் அவள்தான்.

தூரி உப்பு வாரிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது.

"மதகைத் திறந்தா உன் ஏரி ரொம்பும், வாஸ்தவம். ஆனா என் பாத்தியில தண்ணி ஏறி, மூணு மாசமா காய்ஞ்ச உப்பு கரைஞ்சு போகுமே. என் வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

"குஞ்சுங்க செத்துடும்."

"எந்தக் குஞ்சு? உன் குஞ்சா?"

பவளிக்குக் கேள்வி விளங்கவில்லை. "குஞ்சுங்க," என்றாள் மறுபடியும்.

தூரி துணியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியை எடுத்தான். உப்பளத்து வரப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "ஆகத்தா," என்று கூப்பிட்டான். ஒரே ஒரு பெண் மட்டும் திரும்பினாள். ஓடி வந்து ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகள் அவள் கையைப் பார்த்தார்கள், பிறகு விளையாட்டைப் பார்த்தார்கள்.

பவளி இப்படி ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததில்லை. "அந்தப் பொண்ணு மட்டும் எப்படித் திரும்பிச்சு?"

"அது என் பொண்ணு. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தா."

"மத்ததுங்க?"

"அதுங்களைக் கூப்பிட அததுங்க வீட்டுல ஆள் இருக்கு."

"ஆள் இல்லேன்னா?"

தூரி உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டான். "இல்லேன்னா இல்லைதான்," என்றான்.

பவளி தண்ணீர் இல்லாமல்தான் திரும்பினாள். ஆனால் வெறும் கையோடு திரும்பவில்லை. தன் மேட்டில் உட்கார்ந்து, முட்டையின் மேல் அலகை வைத்து, "கிரு" என்று மெதுவாகச் சொன்னாள். அன்று முழுக்க அதையே சொன்னாள். மூன்றாம் நாள் முட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் பதில் சொன்னது. அவள் உடம்பு சிலிர்த்துப் போயிற்று. தொண்டையில் பால் கட்டியது.

பக்கத்தில் நின்ற அவள் துணைவன் செங்காலன், "என்ன பண்றே?" என்றான்.

"ஓடு கீறுதான்னு பார்க்கிறேன்," என்றாள்.

குஞ்சுகள் பொரித்தன. இரைக்காக இப்போது ஒரு பகல் தூரம் பறந்து வேறொரு கழிமுகத்துக்குப் போக வேண்டியிருந்தது. போன எல்லாரும் திரும்பவில்லை. திரும்பியவர்களின் தொண்டையிலும் முன்போல் பால் இல்லை. பத்து வாய்க்கு ஒருவர் என்று ஆகிவிட்டது. பவளி கும்பலுக்குள் இறங்கி "கிரு" என்றாள். எங்கோ நடுவிலிருந்து ஒரு குஞ்சு முட்டி மோதிக்கொண்டு வந்தது. அவள் காலடியிலேயே வேறொரு குஞ்சு வாயைத் திறந்தபடி நின்றது. அதைத் தாண்டிக் காலை வைத்துத் தன் குஞ்சுக்கு ஊட்டினாள்.

அவள் தங்கை கழிச்சி இதைப் பார்த்துவிட்டாள். "அக்கா, இதுதானே முதல்ல வாய் திறந்தது?"

"அதுக்குப் பசி ஜாஸ்தி."

"அதுக்குத்தான் ஜாஸ்தின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தத் தடவை பவளி பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கழிச்சிக்கு முதலில் முகமே மாறிவிட்டது. பிறகு அக்காவின் காதோரம் குனிந்து, "எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

பத்து நாளைக்குள் தீவு முழுக்க அந்தப் பழக்கம் பரவிவிட்டது. ஒவ்வொருவரும் தன் மேட்டில் பொரித்தது என்று தோன்றிய குஞ்சைத் தேடிப் பிடித்து, ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். சாயங்காலமானால் ஒரே கூப்பாடு. பெயர் உள்ளவை ஓடின. பெற்றவர்கள் திரும்பி வராத குஞ்சுகள் கும்பலின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்குப் பவளி மேல் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தூரியின் பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா வந்திருப்பேனா என்று கேட்டால், பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

செங்காலன் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட மறுத்தான். வந்ததும் ஓரத்துக்குப் போவான், முதலில் திறந்த வாய்க்கு ஊட்டுவான், அடுத்த வாய், அதற்கடுத்த வாய். கொடுக்கக் கொடுக்க அவன் சிவப்பு கழிந்தது. ஒரு மாதத்தில் உப்புக் குவியல் நிறத்துக்கு வந்துவிட்டான். "பக்கத்துல நிக்கிறது உன் காலை இழுக்குது பவளி, கத்துது," என்று ஒருநாள் சொன்னான். "எனக்கு ஒண்ணும் கேக்கலை," என்றாள் அவள். அவள் மழுப்பவில்லை, நிஜமாகவே அவளுக்குக் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் இரைக்குப் போன செங்காலன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கூட ஆகவில்லை. பவளி இரை எடுத்துத் திரும்பும் வழியில் கழுகு அவளை அடித்தது. எப்படியோ தப்பித் தீவில் வந்து விழுந்தாள். ஆனால் வலது இறக்கை தோளோடு கிழிந்து தொங்கியது. இனிப் பறக்க முடியாது. பறக்க முடியாவிட்டால் இரை இல்லை, இரை இல்லாவிட்டால் பால் இல்லை. இரண்டு நாள் இருந்ததை ஊட்டினாள். மூன்றாம் நாள் குஞ்சு அலகைத் தட்டித் தட்டிப் பார்த்தது, ஒரு சொட்டும் வரவில்லை.

நான்காம் நாள் கழிச்சி இரைக்குப் போய்த் தொண்டை நிறையத் திரும்பினாள். பவளி இறக்கையைச் சேற்றில் இழுத்துக்கொண்டு, குஞ்சை முன்னால் விட்டு, தங்கையிடம் போனாள்.

"கழிச்சி, இதுக்கு ஒரு வாய் கொடு. மறுபடி கேக்க மாட்டேன்."

கழிச்சி கல்மனசுக்காரி இல்லை. "கேக்கணுமா அக்கா, உன் புள்ளைக்குக் கொடுக்காம?" என்று சொல்லி உடனே குனிந்தாள். குஞ்சு வாயைத் திறந்து கத்தியது. கழிச்சி அலகை அதன் வாயோடு வைத்தாள். கழுத்தை வளைத்தாள், தொண்டையை அசைத்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு முக்கினாள். ஒன்றும் இறங்கவில்லை.

"கத்தச் சொல்லு," என்றாள்.

"கத்துதே."

"எனக்குக் கேக்கலை அக்கா. கேட்டாத்தானே இறங்கும்."

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில், கும்பலுக்கு அந்தப் பக்கம், கழிச்சியின் குஞ்சு குரல் கொடுத்தது. கழிச்சியின் அலகிலிருந்து பால் தானாகக் கொட்டியது. சிவப்புச் சிவப்பாகச் சேற்றில் விழுந்தது. பவளியின் குஞ்சு ஓடிப்போய்ச் சேற்றைக் கொத்தியது. கழிச்சி அழுதுகொண்டே குரல் வந்த பக்கமாக நடந்தாள். அவள் கால்கள் அவள் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

பவளி பழைய வழக்கத்தைச் சொல்லித் தீவில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். எல்லாரும் குனிந்தார்கள். யார் தொண்டையும் திறக்கவில்லை. குஞ்சு இன்னும் மூன்று நாள் இருந்தது. கடைசிவரை அவள் முகத்தைப் பார்த்துத்தான் கத்தியது, பெயர் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே. அதன் குரல் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

அந்த மாதக் கடைசியில் மழை கொட்டியது. ஏரி நிறைந்தது, தூரியின் உப்பும் கரைந்தது, கூனி இறால் திரும்ப வந்தது. எல்லார் தொண்டையிலும் பால் பெருகியது. ஊர் பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கூடிப் பேசினார்கள், ஒருவரும் மறுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கும்பலின் ஓரத்துக்குப் போய், வாய் திறந்து நின்ற குஞ்சுகளின் முன்னால் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். இருட்டும்வரை பார்த்துவிட்டு, ஒரு சொட்டும் இறங்காமலே நிமிர்ந்தார்கள்.

இன்றைக்கும் அந்தக் கடலோரத் தீவுகளுக்கு, குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் மாட்ட ஆய்வாளர்கள் போகிறார்கள். ஓரத்தில் நிற்கும் குஞ்சுகள் சிலவற்றைத் தூக்கினால் கையில் கனமே இருக்காது. அவை மனிதரைப் பார்த்தும் வாயைத் திறக்கும்.

அன்று முதல்தான் பூநாரை தன் முட்டையோடு பேசுகிறது. குஞ்சு வளர்க்கும் நாளில் சிவப்பு கழிந்து வெளுக்கிறது. பத்தாயிரம் குஞ்சுகள் கத்துகிற தீவில் வந்து இறங்கி, தன் குஞ்சின் குரலை மட்டும் கேட்டு, வழியில் திறந்திருக்கும் வாய்களையெல்லாம் தாண்டித் தாண்டி நடந்து போகிறது.