கிருமிகளுக்குத் தெரியாத சொல்

நாமக்கல்லுக்குத் தெற்கே, கோழித் தீவனத்தில் கலக்கும் லைசின் என்ற சத்தைத் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். செங்கோடன், அவன் மச்சான் காளியண்ணன், இவர்கள் இருவரைவிடவும் ஒரு வகுப்பு கூடப் படித்த அத்தப்பன்.

லைசினைச் செய்தது இவர்கள் அல்ல. பெரிய எஃகுத் தொட்டிக்குள் இருந்த கிருமிகள். வெல்லப்பாகைக் குடிப்பதும் லைசினைக் கக்குவதும்தான் அவற்றின் வேலை. டாக்டர் திலகவதி ஆறு வருஷம் மண்டையை உடைத்து, அவற்றின் மரபணுவைத் திருத்தி வைத்திருந்தார்.

மூன்று நாள் ஊருக்குக் கிளம்பும்போது அவர் சொன்னார்: "சாதாரணக் கிருமி தனக்கு வேண்டியதை மட்டும் செஞ்சுட்டு நிறுத்திக்கும். நம்மளுதுக்குப் 'போதும்'ங்கறதே தெரியாது. அதனாலதான் இவ்வளவு செய்யுது. பத்திரமாப் பாத்துக்கங்க. இது கெட்டுச்சுன்னா கம்பெனியே இல்ல."

கார் போனதும் செங்கோடன் காளியண்ணன் பக்கம் திரும்பினான்.

"மச்சா, அந்தச் சொல்லு அதுக்குத் தெரியாதுன்னாங்கல்ல? நம்ம பேசறதைக் கேட்டுக் கத்துக்கிச்சுன்னா?"

காளியண்ணன் அவசரமாக அவன் வாயைப் பொத்தினான். அத்தப்பன் மட்டும் கண்ணை மூடி யோசித்தான்.

"கைக்குழந்தை எப்படிடா பேச்சு கத்துக்குது? கேட்டுக் கேட்டுத்தான். இனிமேல் காம்பவுண்டுக்குள்ள எவனும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது."

மதியம் மெஸ்ஸிலிருந்து பாவாயி அக்கா சாப்பாடு கொண்டுவந்தார். தாராளக் கை. காளியண்ணன் இலையில் ரசம் ஊற்றினார். அவன் பேசவில்லை. இன்னும் ஊற்றினார். ரசம் இலையைத் தாண்டி மடிக்கு வந்தது. செங்கோடனுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து கேட்டுக்கு வெளியே ஓடினான். ரோட்டில் நின்றுகொண்டு, "போதும்! போதும்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுத் திருப்தியோடு திரும்பி வந்தான். அதற்குள் அவன் இலையும் மிதந்துகொண்டிருந்தது.

மறுநாள் தொட்டிக்குப் பாகு விட வேண்டிய நாள். காளியண்ணன் மேலே ஏறிக் குழாயைத் திறந்தான். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் இருந்த கோடு வரை வந்ததும் சொல்ல வேண்டியது செங்கோடன் வேலை.

பாகு கோட்டைத் தொட்டது. செங்கோடன் வாயைத் திறந்தான், மூடினான்.

"கையைக் காட்டட்டுமா?" என்று அத்தப்பனிடம் கிசுகிசுத்தான்.

"தொட்டியில கண்ணாடி வெச்சிருக்காங்கல்ல? பாத்துருமே!"

"அப்ப 'நிறுத்து'ன்னு சொல்றேன்."

"அர்த்தம் ஒண்ணுதானடா. ஆறு வருஷம் டாக்டர்கிட்ட இருந்த கிருமி. அதுக்கு அதுகூடவா புரியாது?"

அதுவும் சரிதான் என்று செங்கோடனுக்குப் பட்டது. பாகு தொட்டியைத் தாண்டி வழிந்து அறையில் முழங்கால் உயரம் வந்த பிறகும் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு விசுவாசமாக நின்றார்கள். நுரை பொங்கி, ஜன்னல் வழியே இறங்கி, பக்கத்துக் கோழிப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். வாசலிலேயே செருப்பு ஒட்டிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தவர், "ஐயோ, போதும்டா சாமி! போதும்!" என்று அலறியபடி ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். தொட்டி ஒரு முறை முனகி அடங்கியது.

"கேட்டுருச்சு," என்றான் செங்கோடன். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

டாக்டர் மேஜையைப் பார்த்தார். விதைபோல எடுத்து வைத்த மூலக்கிருமி இருந்த கண்ணாடிக் குடுவை ஒன்று மிச்சமிருந்தது. "இது ஒண்ணுதான் பாக்கி. இதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

"இதுவும் இங்கதான இருந்துச்சு? இதுவும் கேட்டிருக்குமே!" என்றான் காளியண்ணன்.

கேட்டதை மறக்கடிக்க ஒரே வழிதான் செங்கோடனுக்குத் தோன்றியது. கை வைக்காமல், இரண்டு முழங்கைகளாலும் குடுவையை இடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டான். மூவரும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.

"சார், இவங்களைச் சேத்துக்கணுமுங்க," என்றான் செங்கோடன் தலைமையாசிரியரிடம். "ஒரே ஒரு சொல்லு மறக்கணும். நாங்க மூணு பேரும் இங்க படிச்சவங்கதான். சொல்லிக்குடுத்ததுல ஒண்ணு பாக்கியில்லாம மறந்துட்டமுங்க."

பத்துப் பிள்ளைகளாவது இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்று தலைமையாசிரியருக்கு அன்று காலையில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அவரிடம் இருந்தது ஏழு.

"மொத்தம் எத்தனை பேர்?"

"ஒரு சொட்டுலயே கோடிக்கணக்குல இருக்குமுங்க."

தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து பதிவேட்டை எடுத்தார்.

"ஆண் எத்தனை? பெண் எத்தனை?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. ஒண்ணே ரெண்டாப் பிரிஞ்சு வளரும்."

"எல்லாம் இரட்டைப் பிள்ளைகள்," என்று எழுதிக்கொண்டார். பிறகு குடுவையை முன்வரிசையில் வைத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வருகை எடுத்தார்.

குடுவைக்குள்ளிருந்து 'குபுக்' என்று ஒரு குமிழி வந்தது.

தலைமையாசிரியர் ஒருவனுக்கு வருகை போட்டார். மீதிக் கோடிப் பேருக்கும் ஆப்சென்ட் போட்டு, நாளைக்கு ஆளுக்கொரு லீவு லெட்டர் கொண்டுவர வேண்டும் என்று செங்கோடனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.