கொட்டாங்கச்சி வாசல்

ஒரு காட்டில் கணவனும் மனைவியுமாக இரண்டு மீன்கள் வாழ்ந்து வந்தன.

காட்டில் எப்படி மீன் வாழும் என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. அது தண்ணீருக்குள் வளர்ந்த காடு. தையல் வேலை செய்யும் நசீமாவின் கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் செடிகள் அடர்ந்திருந்தன. நடுவில் ஒரு வேர்க்கட்டை சாய்ந்து கிடந்தது. அடியில் காய்ந்த பாதாம் இலைகள். இலைச்சாறு இறங்கித் தண்ணீர் வெளிர் டீ நிறத்தில் இருக்கும்.

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "தண்ணி இவ்வளவு அழுக்கா இருக்கே, மாத்தக் கூடாதா?" என்பார்கள்.

"வாரா வாரம் கொஞ்சம் மாத்திக்கிட்டுதான் இருக்கேன். இந்த மீனுக்கு இந்த நிறத் தண்ணிதான் சுகம்" என்பாள் நசீமா.

அந்த மீன்கள் சிக்லிட் என்னும் வண்ண மீன் வகையில் குட்டையானவை. பெரியவர்களின் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஆனால் கணவன் சிலம்பனுக்கு இருந்த ரோஷத்தை அளக்க அந்தத் தொட்டி போதாது. முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு அவன் நீந்தினால் நீலமும் சிவப்புமாக மின்னுவான். யாராவது பார்க்காமல் போனால் மனசு வாடிவிடும்.

மனைவி மஞ்சாடி அதிகம் பேசமாட்டாள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவாள்.

வேர்க்கட்டையின் அடியில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்து, அதன் ஓரத்தில் சிறிய வாசலும் வெட்டியிருந்தாள் நசீமா. ஒரு நாள் காலையில் மஞ்சாடி அதற்குள் நுழைந்து, கூரையில் முட்டையிட்டாள். பவழப் பொடியைத் தூவியதுபோல் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கே அவள் உடம்பும் பளீரென்று மஞ்சளாகிவிட்டது.

சிலம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவை தகப்பனாகிறான் அல்லவா?

"எங்கே, என் பிள்ளைங்களைப் பார்ப்போம்!" என்று வாசலுக்குள் தலையை நீட்டினான்.

பட்டென்று அவன் கன்னத்தில் ஓர் இடி விழுந்தது.

"வெளியே போங்க!" என்றாள் மஞ்சாடி.

"யாரைப் பார்த்துச் சொல்றே? நான் தகப்பன்!"

"தகப்பன்தான். வெளியே போங்க. முட்டைக்கு விசிறணும், பேச நேரமில்லை."

அவள் திரும்பிக்கொண்டு பக்கத் துடுப்புகளால் முட்டைகளுக்கு விசிறத் தொடங்கினாள். தண்ணீர் அசையாமல் நின்றால் முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும்.

இந்த மீன்களின் குலத்தில் அதுதான் வழக்கம். தாய் உள்ளே, தகப்பன் வெளியே. முட்டையைத் தாய் காப்பாள். வாசலைச் சுற்றியுள்ள ஊரைத் தகப்பன் காக்க வேண்டும். ஆனால் சிலம்பனுக்கு அது தெரியாது. பாவம், அவன் கடைத் தொட்டியில் வளர்ந்தவன். தன் தகப்பன் எங்கே நின்றான் என்று அவன் கண்டதே இல்லை.

அவன் வாசலுக்கு எதிரே கிடந்த ஒரு பாதாம் இலையின் மேல் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். நின்ற இடத்தில் சும்மா இருந்தானா? கிட்டே வந்தவர்களை எல்லாம் விரட்டினான். கோபத்தில்தான் விரட்டினான். ஆனாலும் கொட்டாங்கச்சிப் பக்கம் ஒருவரும் போக முடியவில்லை.

இதை வரியன் பார்த்துக்கொண்டே இருந்தான். வரியன், உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மீன். அவனுக்கு வாய்தான் எல்லாம். தின்பதற்கும் அதுதான், பேசுவதற்கும் அதுதான். மீன் முட்டை என்றால் உயிரையே விடுவான்.

"அண்ணே, உங்களையா வெளியே தள்ளிட்டாங்க?" என்று தள்ளி நின்றே கேட்டான்.

"உனக்கெதுக்கு அது?"

"எனக்கு ஒண்ணுமில்லைண்ணே. ஊரே பேசுது, அதான் மனசு கேக்கலை. இந்தக் கலருக்கும் கம்பீரத்துக்கும் நீங்க வாட்ச்மேன் வேலையா பாக்கணும்? அந்த மூலையில ஃபில்டருக்குக் கீழே போய்ப் பாருங்க. ஜில்லுன்னு தண்ணி ஓடுது. ராஜா இருக்க வேண்டிய இடம். நீங்க இல்லாட்டி அவங்களுக்கே உங்க அருமை தெரியும்."

கடைசியில் சொன்னதுதான் சிலம்பனின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. "ஆமா, தெரியட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூலைக்குப் போய்விட்டான்.

வரியன் நேரே கெளுத்தியிடம் போனான். கெளுத்திக்கு மீசை பெரிது, பசி அதைவிடப் பெரிது. யோசனை மட்டும் கிடையாது.

"மாமா, கொட்டாங்கச்சிக்குள்ளே விருந்து இருக்கு, வர்றியா?"

"அங்கே சிலம்பன் நிப்பானே, அடிப்பானே!"

"அவனை அனுப்பியாச்சு. நான் முன்னாடி நின்னு ஆட்டம் காட்டுறேன். அவ என்னைத் துரத்திக்கிட்டு வெளியே வருவா. நீ உள்ளே போயிடு. எனக்குப் பாதி வெச்சிடணும்."

மூலையில் தண்ணீர் ஜில்லென்றுதான் ஓடியது. ஆனால் ராஜாவுக்கு அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. ஓட்டம் அவனைத் தள்ளிக்கொண்டே இருந்தது. 'இந்நேரம் தேடியிருப்பாள்' என்று நினைத்தான். தேடவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது.

அப்போது தொட்டியின் மூடி திறந்தது. நசீமாவின் கை மீன் தீனியான ரத்தப் புழுக்களைத் தூவியது. தொட்டியே திரண்டு வந்தது. சிலம்பனும் போனான். ஒரு புழுவைக் கவ்வியவன், அப்படியே நின்றுவிட்டான்.

எங்கே கெளுத்தி?

சாப்பாடு விழும்போது கெளுத்தி வராத நாள் உண்டா? முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போகிறவன் ஆயிற்றே! வரியனையும் காணோம். ரத்தப் புழுவை விட்டுவிட்டு இரண்டு பேரும் வேறு எதைத் தின்னப் போயிருப்பார்கள்?

கவ்விய புழுவைத் துப்பிவிட்டுப் பாய்ந்தான் சிலம்பன்.

கொட்டாங்கச்சி வாசலில் கெளுத்தியின் வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வரியன் எவ்வளவு ஆட்டம் காட்டியும் மஞ்சாடி வெளியே வராததால், கெளுத்தி வாசலிலிருந்தே தலையை உள்ளே நுழைத்திருந்தான். பக்கத்தில் வரியன், "சீக்கிரம் மாமா, சீக்கிரம்!" என்று குதித்துக்கொண்டிருந்தான்.

சிலம்பன் வந்த வேகத்தில் வரியனின் துடுப்பு கிழிந்தது. அடுத்த கடி கெளுத்தியின் வாலில் விழுந்தது.

"ஐயோ! கோபிக்காதப்பா, வாசனை இழுத்துடுச்சு!" என்று கெளுத்தி பின்பக்கமாகவே வெளியே வந்து, மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடினான்.

சிலம்பன் உள்ளே பார்த்தான். கூரையில் ஒரு பக்கம் முட்டையே இல்லை. மிச்சம் இருந்த முட்டைகளுக்குக் கீழே மஞ்சாடி வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

அந்தத் திறந்த வாய் எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இனிக் காப்பாற்றவே முடியாது என்று தோன்றிவிட்டால், இந்தத் தாய் மீன்கள் தங்கள் முட்டைகளைத் தாங்களே விழுங்கிவிடும். எதிரியின் வாய்க்குப் போகட்டும் என்று விட அவற்றுக்கு மனம் வராது. அதைவிடப் பெரிய துக்கம் அந்தக் குலத்தில் கிடையாது.

"மஞ்சாடி, வேண்டாம்! நான் வந்துட்டேன்."

"எங்கே போயிருந்தீங்க?" என்றாள் அவள். "நீங்க வெளியே இருக்கீங்கன்னு நம்பித்தானே நான் உள்ளே இருந்தேன்."

சிலம்பனுக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. விரட்டினாள் என்று நினைத்தானே, அவள் அவனை நம்பியல்லவா நிறுத்தியிருந்தாள்!

"தப்புப் பண்ணிட்டேன். இனிமே அந்த இலையை விட்டு நகர மாட்டேன்."

மஞ்சாடி அவனைப் பார்த்தாள். மெல்ல வாயை மூடினாள். துடுப்பு மறுபடி விசிறத் தொடங்கியது.

மிச்சம் எத்தனை என்று பார்க்கும் ஆசையில் சிலம்பன் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினான்.

பட்!

"வெளியே போங்க!"

"போறேன், போறேன்!" என்று கன்னத்தைத் தடவிக்கொள்ளாத குறையாக வெளியே வந்தான். இந்தத் தடவை அவனுக்கு வலிக்கவே இல்லை.

அடுத்த சில நாட்கள் அவன் இலையை விட்டு அசையவில்லை. கிழிந்த துடுப்போடு வரியன் மறுபடி வந்தான், தூரத்தில் நின்றுகொண்டு.

"அண்ணே, இன்னும் வாசல்லதான் நிறுத்தி வெச்சிருக்காங்களா? கேவலமா இல்லை?"

"நிறுத்தித்தான் வெச்சிருக்கா. அதனாலதான் நீ இன்னும் அங்கேயே நிக்கிறே" என்றான் சிலம்பன்.

வரியன் வாயைத் திறந்தான். சிலம்பன் துடுப்பை விரித்ததும் அதை மூடிக்கொண்டு செடிகளுக்குள் ஓடிவிட்டான்.

ஒரு காலையில் மஞ்சாடி வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு சின்னப் புகை வந்தது. உற்றுப் பார்த்தால், புகை முழுக்கக் கண்கள்! குஞ்சுகள்! அவள் துடுப்பைச் சொடுக்கினால் எல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டன. மறுபடி சொடுக்கினால் எழுந்து நீந்தின.

வேறெங்கும் போகாமல் நேரே பாதாம் இலைக்கு அவற்றைக் கூட்டி வந்தாள்.

"உங்க அப்பா" என்றாள் குஞ்சுகளிடம்.

குஞ்சுகள் அவனைச் சுற்றிக்கொண்டன. சிலம்பன் இடித்துவிடுவோமோ என்று பயந்து ஒரு துடுப்பைக்கூட அசைக்காமல் நின்றான்.

நீதி: வாசலில் நிற்கச் சொன்னால் அவமானம் என்று எண்ணாதே, நம்பி நிறுத்திய இடத்தைக் கோபத்தில் விட்டுப் போகாதே.