அரசர் தோற்க முடியாத கார் பந்தயம்

பவழக்கோட்டை அரசவையில் வீடியோ கேம் விளையாடினார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தக் காலத்தில் மின்சாரம் ஏது, டிவி ஏது என்பீர்கள். கதை என்னுடையது, மின்சாரம் நான் கொடுக்கிறேன். பேசாமல் கேளுங்கள்.

அந்த ஊரில் ஒரு சட்டம். புதுச் சரக்கு எது வந்தாலும் அரண்மனை மதிப்புரைக்காரர் சோதித்து எழுத வேண்டும். நல்லது என்றால் சரக்கு சந்தைக்குப் போகும். பழுது என்றால் கடலுக்குப் போகும். பொய்யாகப் புகழ்ந்தவர் யாரானாலும் அந்தப் பொருளை ஆயுள் முழுக்க அவரே பயன்படுத்த வேண்டும். முன்பிருந்த மதிப்புரைக்காரர் ஒரு செருப்பை வாயாரப் புகழ்ந்தார். இன்றைக்கும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர் நம் மருதாசலம்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அது சட்டத்தில் இல்லை. அரசர் விசயகேசரி எது விளையாடினாலும் எதிரில் இருப்பவர் தோற்றுவிடுவார். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜா தானாகவே நடந்து வந்து மாட்டிக்கொள்ளும். பாவம், அரசர் அதையெல்லாம் தன் திறமை என்றே நினைத்திருந்தார்.

ஒருநாள் ஜுலைகா பீவி என்ற வியாபாரி முந்நூறு விளையாட்டுப் பெட்டிகளோடு கப்பலில் வந்து இறங்கினாள். ஆசை தாங்காமல் அரசரே கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். கார் பந்தயம். ஓடுவது எட்டுக் கார். பத்துத் தடவை ஓட்டினார். பத்துத் தடவையும் எட்டாவதாக வந்தார்.

"பெட்டி பழுது!" என்று கர்ஜித்தார் அரசர்.

"படுபழுது!" என்றார் அமைச்சர் பராங்குசர். அவர் ஆறு மாதத்துக்கு முன் அரசருக்கு வேறொரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்திருந்தார். பரிசு என்பதால் அது மதிப்புரைக்கு வரவே இல்லை. அரசரிடமே இருக்கிறது என்ற சாக்கில் அதே பெட்டியைச் சந்தையில் விற்பவர் அமைச்சரின் மைத்துனர். "நான் கொடுத்த பெட்டியில் அரசர் ஒருநாளும் தோற்றதில்லை. அதுபோல் ஒரு பெட்டி உலகத்திலேயே கிடையாது!"

ஜுலைகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மகாராஜா, பெட்டியில ஒரு குறையும் இல்லீங்க. மூணு மாசம் கடல்ல வாந்தி எடுத்துக்கிட்டே கொண்டாந்த சரக்கு. இது போச்சுன்னா என் வியாபாரமே போச்சுங்க."

அரசர் மருதாசலத்தைப் பார்த்தார். "உச்சிப்பொழுதுக்குள் மதிப்புரை வேண்டும். உண்மையைத்தான் எழுத வேண்டும். ஆனால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதக்கூடாது. எனக்கு ஆடத் தெரியவில்லை என்றும் எழுதக்கூடாது."

"அப்படியே அரசே," என்றார் மருதாசலம். "ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி எழுதுவது? அமைச்சரின் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்."

வந்தது. மருதாசலம் வயரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார். பிறகு கேட்டார்: "அரசே, கன்ட்ரோலரில் பேட்டரி எத்தனை நாள் தாங்குகிறது?"

"ஆறு மாதமாக ஒரு தடவைகூட மாற்றவில்லை!" என்றார் அரசர் பெருமையாக.

"ஆறு மாசமா? என்னோடதுல ரெண்டு வாரம் தாங்கினாலே பெரிசு!" என்றாள் ஜுலைகா. பராங்குசருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மருதாசலம் கைகட்டி நின்றார். "இந்தப் பெட்டியில் ஜெயிப்பது அரசருக்குப் புதிதல்ல. ஒரே ஒரு சோதனை. இதில் ஒருமுறை தோற்றுக் காட்டுங்கள்."

"இவ்வளவுதானா? இதோ!" என்று சிரித்தார் அரசர்.

பந்தயம் தொடங்கியது. அரசர் தன் சிவப்புக் காரைப் பள்ளத்தை நோக்கித் திருப்பினார். அது சாலையை விட்டு இம்மியும் விலகவில்லை. பிரேக்கை அழுத்தினார். கார் இன்னும் பறந்தது. கன்ட்ரோலரைச் சிம்மாசனத்தில் போட்டுவிட்டு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். முறுக்கு முடிவதற்குள் சிவப்புக் கார் முதலிடம்!

"மகாராஜா வாழ்க!" என்று கை தட்டினார் பராங்குசர். பழக்கதோஷம். வேறு யாரும் தட்டவில்லை.

அரசர் கன்ட்ரோலரின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரி இல்லை. ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட, பெட்டி தானாகவே ஓட்டும் மாதிரிப் பந்தயம் இது," என்றார் மருதாசலம் மெதுவாக. "யாரும் எதையும் அழுத்த வேண்டாம்."

அரசரின் முகம் வாடிவிட்டது. "ஆறு மாதமாக நான் வேடிக்கையா பார்த்துக்கொண்டிருந்தேன்?"

"பேட்டரி போட்டால் அரசர் தோற்றுவிடுவாரோ என்ற கவலையில்தான்..." என்று இழுத்தார் பராங்குசர்.

"பிடித்துச் சிறையில் போடுங்கள் இவரை!"

"சிறை எதற்கு அரசே?" என்றார் மருதாசலம். "சட்டம்தான் இருக்கிறதே. இந்தப் பெட்டியைப் புகழ்ந்தவர் ஆயுள் முழுக்க இதை வைத்து விளையாடட்டும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டட்டும்."

அரசர் ஜுலைகாவின் பெட்டியைத் தானே இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "மருதாசலம், உட்கார். நீயும் ஓட்டு. வேண்டுமென்று தோற்றாயானால் தொலைத்துவிடுவேன்!"

ஓட்டினார்கள். அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு வளைந்தார், சரிந்தார், கிரீடம் உருண்டு போனதைக்கூடக் கவனிக்கவில்லை. முடிவு வந்தது.

"ஏழு! நான் ஏழாவது!" என்று துள்ளிக் குதித்தார் அரசர். ஆறு மாத வெற்றியில் இல்லாத சந்தோஷம் அந்த ஏழாவது இடத்தில் இருந்தது. முந்நூறு பெட்டிகளையும் சந்தைக்கு அனுப்பச் சொன்னார். ஜுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி மருதாசலத்தின் கழுத்தில் போடப் போனவர், சட்டென்று நிறுத்தினார்.

"பொறு. ஓடியது எட்டுக் கார். நான் ஏழாவது, எனக்குப் பின்னால் எட்டாவதாக வந்தது நீ. எனக்காக வேண்டுமென்றே தோற்றாயா? உண்மையைச் சொல்."

"ஐயோ, இல்லை அரசே!" என்றார் மருதாசலம். "எனக்கு ஒழுங்காக விளையாடத் தெரிந்திருந்தால், நான் ஏன் உட்கார்ந்து மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?"

அரசர் சிரித்த சிரிப்பில் மாலை தானாகவே கழுத்தில் விழுந்தது.